ஆற்றுக்கு அக்கரையில் அம்மா

திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஏறுகிறவர்கள் பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டு நுழையும் கோயில் தாயுமானவர் சந்நிதி. வாழைத்தாரோடு வருகிறவர்களை அங்கே பார்க்கலாம். நிறைமாத வயிற்றோடு படியேற முடியாத மகளுக்காக அம்மா வேண்டிக்கொள்ள வருவாள். சுகப்பிரசவம் ஆன வீட்டிலிருந்து நேர்த்திக்கடனைச் செலுத்த மாப்பிள்ளை தாரைத் தோளில் சுமந்து வருவார். சித்திரைத் திருவிழாவில் ஒருநாள், செட்டிப்பெண்ணுக்கு இறைவன் பிரசவம் பார்த்த வைபவம் நடக்கும். அன்று திரைபோட்டுப் பிரசவக் காட்சியை அமைப்பார்கள். பேறுகால மருந்து பிரசாதமாகக் கிடைக்கும். வேறு பெரிய கோயில் எதிலும் பிரசவ அறையே திருவிழாவாக நடப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கதை செவ்வந்திப் புராணத்தில் வருவது. தனகுப்தன் என்ற வணிகரின் மனைவி ரத்னாவதிக்குப் பேறுகாலம் நெருங்கியது. அவளுடைய தாய் காவிரிப்பூம்பட்டினத்துக்காரி. மகளுக்கு வேண்டியதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி வந்தவளைக் காவிரி வெள்ளம் அக்கரையிலேயே நிறுத்திவிட்டது. இக்கரையில் மகளுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. அவள் அழுது வேண்ட, சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்திலேயே வீட்டுக்குள் வந்தார். பிரசவம் பார்த்தார். ஆற்றில் வெள்ளம் வடியும்வரை கூடவே இருந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டார். வெள்ளம் வடிந்து பெற்ற தாய் வாசலில் வந்து நின்றபோது, வீட்டுக்குள் இன்னொரு அம்மா இருந்தாள்.

இந்தக் கதையில் என்னை நிறுத்தி வைப்பது, இறைவன் செய்யாமல் விட்டவை. வெள்ளத்தை அவர் வடியச் செய்யவில்லை. வலியை இல்லாமல் ஆக்கவில்லை. கண் இமைக்கும் நேரத்தில் குழந்தையை வெளியே எடுத்துக் கொடுக்கவுமில்லை. வந்தார், உட்கார்ந்தார், முடியும்வரை இருந்தார். கதையை முதலில் சொன்னவர்கள் பிரசவ அறைகளை அருகிலிருந்து பார்த்தவர்களாக இருக்க வேண்டும். வலியில் கிடக்கும் பெண் எதைத் தேடுவாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் தேடுவது வெறும் மன ஆறுதல் என்றுதான் மருத்துவம் வெகுகாலம் நினைத்தது. கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்கிறது: பக்கத்தில் ஆள் இருப்பது கருப்பையின் தசைவரை போய் வேலை செய்கிறது.

அதற்குமுன் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம். ஸ்ரீரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் தீவு. மேட்டூர் அணை 1934-ல் வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்னால், 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் திருச்சி, தஞ்சாவூர்ப் பகுதிகளைப் புரட்டிப் போட்டது. அணையும் பாலமும் இல்லாத நூற்றாண்டுகளில், ஆடிப்பெருக்குக்குப் பிறகு வலி கண்ட பெண்ணுக்கு அக்கரையில் இருக்கும் அம்மாவும் மருத்துவச்சியும் வேறு நாட்டில் இருப்பவர்கள் மாதிரிதான். ஆடி மாதக் காவிரியையே மசக்கைக்காரியாகப் பார்ப்பது இந்த ஊர் வழக்கம். அம்மா மண்டபம் படித்துறையில் பெண்கள் அவளுக்குச் சித்திரான்னம் படைப்பார்கள், கருகமணியும் வளையலும் விடுவார்கள். ஸ்ரீரங்கம் நம்பெருமாளே அங்கே எழுந்தருளி அவளுக்குச் சீர் கொடுப்பார். சூலியாகக் கொண்டாடப்படும் அதே ஆறுதான் ரத்னாவதியின் தாயை மறித்தது.

1994-ல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பிரசவ மரணங்களை ஆராய்ந்து மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். உதவி வேண்டும் என்று வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம், உதவி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு கவனிப்புக் கிடைப்பதில் தாமதம். உலகம் முழுக்க இன்றைக்கும் தாய்சேய் நலத் திட்டங்களை வகுப்பவர்கள் இந்த மூன்றை வைத்துத்தான் பேசுகிறார்கள். செட்டிப்பெண் கதை முழுவதும் இரண்டாவது தாமதத்தைப் பற்றியது.

இனி உடம்புக்குள் போவோம்.

கருப்பை ஒரு தசைப்பை. சாதாரண நாளில் அறுபது கிராம் அளவுக்கு இருப்பது, நிறைமாதத்தில் ஒரு கிலோவை எட்டுகிறது. ஒன்பது மாதமும் அது சும்மா இருப்பதற்குப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் காவல் நிற்கிறது. எப்போது காவல் விலகுகிறது என்பது இன்னும் முழுதாக அவிழாத முடிச்சு. நஞ்சுக்கொடி சுரக்கும் ஒரு ஹார்மோனின் அளவு மாதாமாதம் ஏறிக்கொண்டே போவதை 1995-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். பிரசவம் எப்போது என்று கணக்கு வைத்திருக்கும் கடிகாரம் நஞ்சுக்கொடியில் ஓடுகிறது என்றார்கள். கடைசி வாரங்களில் கருப்பைத் தசையின் செல்களுக்கு இடையே புதிய மின்வழிகள் திறக்கின்றன. அதுவரை தனித்தனியாகச் சிலிர்த்துக்கொண்டிருந்த செல்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து சுருங்க ஆரம்பிக்கின்றன. ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பல மடங்கு பெருகுகின்றன.

இதற்கு ஒத்திகை மாதிரி முன்கூட்டியே வருவதுதான் சூட்டு வலி, பொய் வலி. பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1872-ல் இதை விவரித்து எழுதியதால் மருத்துவப் புத்தகங்களில் அவர் பெயரில் இருக்கிறது. நம் வீடுகளில் இதற்கென்று ஒரு சோதனையே உண்டு. சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து, ‘கொஞ்ச நேரம் பாரு கண்ணு, சூட்டு வலின்னா அடங்கிடும், பிள்ள வலின்னா ஏறும்’ என்பார்கள். இங்கே சோதிப்பது சீரகம் அல்ல, அந்தக் ‘கொஞ்ச நேரம்’தான். பொய் வலி முறையில்லாமல் வந்து தணிந்துவிடும். உண்மையான வலி இடைவெளி குறைந்து, நேரம் கூடி, வலு ஏறிக்கொண்டே போகும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ இந்தச் சோதனைக்கெல்லாம் இடமில்லை. உடனே கிளம்ப வேண்டும்.

கருப்பையின் வாய், நாடா இழுத்து மூடிய சுருக்குப்பையின் வாய் மாதிரி இத்தனை மாதம் இறுகிக் கிடந்தது. வலி வரும் ஒவ்வொரு முறையும் மேல்பகுதித் தசை சுருங்குகிறது. வலி விட்ட பிறகு அது பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை, கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிடுகிறது. இப்படி மேலே சேர்த்துச் சேர்த்து இழுத்துக்கொள்வதால் கீழே வாய் மெலிந்து விரிகிறது. முழுதாக விரிந்தால் சுமார் பத்து சென்டிமீட்டர். குழந்தையின் தலை கீழே அழுத்த அழுத்த, அந்த அழுத்தச் செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிறது. மூளை இன்னும் ஆக்ஸிடோசினை விடுகிறது. அது இன்னும் வலுவாகக் கருப்பையைச் சுருக்குகிறது. தலை இன்னும் இறங்குகிறது. உடலில் பெரும்பாலான சங்கிலிகள் எல்லை தாண்டியதும் தம்மைத் தாமே தணித்துக்கொள்பவை. இதுவோ குழந்தை வெளியே வரும்வரை தன்னைத் தானே ஏற்றிக்கொண்டே போகும்.

வலி ஏன் இடுப்பில் தெரிகிறது? சுருங்குவது அடிவயிற்றில் இருக்கும் கருப்பை. ஆனால் அதிலிருந்து புறப்படும் நரம்புகள் தண்டுவடத்தில் போய்ச் சேரும் மட்டத்தில்தான் கீழ்முதுகு, இடுப்பு, அடிவயிற்றுத் தோலின் நரம்புகளும் சேர்கின்றன. மூளையால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அதனால் முதல் கட்ட வலி, ‘இங்கே’ என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல் இடுப்பைச் சுற்றிக் கவ்வுகிறது. குழந்தை பிறப்புப் பாதையில் இறங்கும் இரண்டாம் கட்டத்தில் வேறு நரம்புகள் பேச ஆரம்பிக்கின்றன. அப்போது வலி கூர்மையாக, இடம் தெரிந்து, முக்க வேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதலோடு வருகிறது.

இந்த நேரத்தில் அனுபவப்பட்ட ஒரு பெண் செய்வதைக் கிட்ட நின்று பாருங்கள். வலி ஏறத் தொடங்குவது மகளின் முகத்தில் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். தன்னைப் பிடித்திருக்கும் கை இறுகுவதில் தெரியும். உள்ளங்கையின் அடிப்பகுதியை முதுகுத்தண்டு முடியும் இடத்தில் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்துவாள். வலி விடும்வரை கையை எடுக்க மாட்டாள். விட்டதும் முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்து, ‘இந்தா, ஒரு வாய் தண்ணி குடி தங்கம்’ என்பாள். அடுத்த வலிக்குள் நாலு எட்டு நடக்க வைப்பாள். இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் அழுத்த உணர்வு, தண்டுவடத்தின் வாசலிலேயே வலிச் செய்தியை நெருக்கிக் குறைக்கிறது என்று ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965-ல் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். அதன் நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டன, அடிப்படை நின்றுவிட்டது. நடப்பதும் நிமிர்ந்திருப்பதும் முதல் கட்டத்தை ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாய்களின் மேல் இறங்கி, குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையக்கூடும். ஆனாலும் எத்தனையோ பிரசவ அறைகளில் பெண்ணை மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் இன்றும் வழக்கம். பரிசோதிப்பவருக்கு அதுதான் வசதி.

பயத்துக்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தின் மையம் அதுதான்.

பயந்தால் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்தம் கை கால் தசைகளுக்குப் போகும். ஓடவோ எதிர்க்கவோ தயாராகும் உடம்பு அது. கருப்பைத் தசையிலும் அட்ரினலினை வாங்கும் ஏற்பிகள் உண்டு. அவற்றில் ஒரு வகை தூண்டப்பட்டால் தசை தளர்ந்துவிடும். குறைமாதத்தில் வலி கண்டால் அதைத் தற்காலிகமாக நிறுத்தக் கொடுக்கப்படும் டெர்புட்டலின் என்ற மருந்து இதே ஏற்பியில்தான் போய் உட்காருகிறது. அதாவது, பயந்து போன பெண்ணின் உடம்பே பிரசவத்தை நிறுத்தும் மருந்தைச் சுரக்கிறது. ரெஜினா லெடர்மன் குழுவினர் 1978-ல் வலியில் இருந்த பெண்களின் ரத்தத்தை அளந்து பார்த்தார்கள். பதற்றம் கூடியவர்களுக்கு அட்ரினலின் கூடியிருந்தது. அட்ரினலின் கூடியவர்களுக்குக் கருப்பைச் சுருக்கம் மந்தப்பட்டு, பிரசவ நேரம் நீண்டிருந்தது. காட்டில் வாழும் உயிருக்கு இது காப்பு. புலி வாசனை வந்தால் குட்டி போடுவதைத் தள்ளிவைத்து ஓட வேண்டும். முன்பின் தெரியாத கட்டிடத்தில், கண் கூசும் விளக்கில், பக்கத்துக் கட்டிலின் அலறல் கேட்டபடி, ‘கத்தாத, சும்மா படு’ என்ற அதட்டலுக்கு நடுவே கிடக்கும் பெண்ணின் உடம்பும் இதே பழைய கணக்கைத்தான் போடுகிறது. அப்படி அதட்டப்பட்ட பெண்கள் இந்த நாட்டில் கொஞ்சநஞ்சமல்ல. பிரசவ அறையில் பெண்களை அவமதிப்பதும் அடிப்பதும் உரிமை மீறல் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் அறிக்கை விட வேண்டியிருந்தது. எனக்கு இது வெறும் நாகரிகப் பிரச்சினையாகத் தெரியவில்லை. அதட்டல் பிரசவத்தை நீட்டுகிறது. நீண்ட பிரசவம் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

வலி மந்தப்பட்டால் டிரிப்ஸில் ஆக்ஸிடோசினை ஏற்றுவார்கள். ஹென்றி டேல் 1906-ல் இதன் வேலையை முதலில் கண்டார். பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்தியதும் சினைப்பூனையின் கருப்பை சுருங்கியது. வின்சென்ட் டு விக்னோ 1953-ல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார். 1955-ல் நோபல் பரிசு பெற்றார். ஒன்பதே அமினோ அமிலங்கள் கோத்த இந்தச் சிறு மூலக்கூறு, பிள்ளை பிறந்தபின் ரத்தப்போக்கை நிறுத்திக் கணக்கில்லாத தாய்மாரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பெண்ணின் மூளை தானாகச் சுரக்கும் ஆக்ஸிடோசின் இரண்டு வேலை செய்கிறது. ரத்தத்தில் இறங்கிக் கருப்பையைச் சுருக்குகிறது. மூளைக்குள்ளேயும் பரவிப் பயத்தைத் தணிக்கிறது. கையில் ஏற்றும் மருந்தில் மிகச் சொற்பமே மூளைக்குள் போகும். ஊசி முதல் வேலையைச் செய்துவிடும். இரண்டாவதற்கு ஆள் வேண்டும்.

ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர்கள் ஜான் கென்னல், மார்ஷல் கிளவுஸ் என்ற இரண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள். இடம் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா. அங்கிருந்த நெரிசலான மருத்துவமனையில், வலியோடு வரும் பெண் உறவினரை வெளியே விட்டுவிட்டுத் தனியாகத்தான் உள்ளே போக வேண்டும். சிலருக்கு மட்டும், முன்பின் அறியாத, மருத்துவப் பயிற்சி இல்லாத ஒரு உள்ளூர்ப் பெண்ணைத் துணைக்கு வைத்தார்கள். அவள் செய்ததெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டது, முதுகைத் தேய்த்தது, பேசிக்கொண்டிருந்தது. 1980-ல் வெளியான முடிவு மருத்துவ உலகை நிமிர்ந்து உட்கார வைத்தது. துணை இருந்தவர்களுக்கு மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்க ஆன நேரம் சராசரி 8.8 மணி. தனியாகக் கிடந்தவர்களுக்கு 19.3 மணி.

அடுத்து அமெரிக்காவின் ஹூஸ்டனில் 412 பெண்களிடம் செய்தார்கள், 1991-ல் வெளியிட்டார்கள். துணை இருந்தவர்களில் சிசேரியன் 8 சதவீதம், தனியாக இருந்தவர்களில் 18 சதவீதம். இந்த ஆய்வில் மூன்றாவதாக ஒரு குழுவும் இருந்தது. அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்களுக்குத் துணை கிடையாது. நடப்பதைக் குறித்துக்கொள்ள ஒரு பெண் அறையில் தள்ளி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அவள் தொடவில்லை, தேற்றவில்லை. அந்தக் குழுவில் சிசேரியன் 13 சதவீதமாக இறங்கியிருந்தது. எழுதிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மனுஷியால் இவ்வளவு!

தொடக்க ஆய்வுகளின் பெரிய எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 2017-ல் காக்ரேன் அமைப்பு 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டது. தொடர்ந்து ஒருவர் கூட இருந்தால் பிரசவ நேரம் ஏறத்தாழ நாற்பது நிமிடம் குறைகிறது. சிசேரியன் கால் பங்கு குறைகிறது. வலி மருந்தின் தேவை குறைகிறது. பிறந்ததும் சோர்ந்து கிடக்கும் குழந்தைகள் குறைகிறார்கள். பிரசவத்தைக் கசப்பாக நினைவில் வைத்திருக்கும் பெண்களும் குறைகிறார்கள். பத்து மணி நேரம் எங்கே, நாற்பது நிமிடம் எங்கே? குவாத்தமாலா ஆய்வு சிறியது, அதனால் எண் பெருத்திருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது: எவ்வளவு தனிமையோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது துணையின் பலன். கணவரும் செவிலியரும் வந்து போகும் அறையில் இன்னொரு ஆள் சேர்வதால் பெரிய மாற்றம் வராது. யாருமே இல்லாத இடத்தில் முதல் ஆள் வந்து உட்காருவது வேறு.

அதே தொகுப்பில் சிசேரியனைக் குறைப்பதில் அதிகப் பலன் தந்தவர்கள் மருத்துவமனை ஊழியர்களும் அல்ல, சொந்தக்காரர்களும் அல்ல. துணை இருப்பதற்காகவே வந்த வெளியாட்கள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். செவிலியருக்கு நாலு கட்டில் இருக்கும். பெற்ற அம்மாவுக்கு மகளின் வலியைப் பார்த்துத் தன் கை நடுங்கும். ரத்னாவதியின் வீட்டுக்கு வந்ததும் அவளைப் பெற்றவள் இல்லையே. பெறாதவர் வந்து பெற்றவளின் வேலையைச் செய்தார். அது முடியும் என்பதைத்தான் குவாத்தமாலாவின் உள்ளூர்ப் பெண்கள் காட்டினார்கள்.

மனிதப் பிரசவத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தேவை? வெண்டா ட்ரெவதன், கேரன் ரோசன்பெர்க் என்ற இரு மானுடவியலாளர்கள் பதிலை நம் எலும்புகளில் தேடினார்கள். நாம் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதில் இடுப்பெலும்பின் வடிவம் மாறியது. நுழைவாயில் பக்கவாட்டில் அகலம், வெளிவாயில் முன்பின்னாக அகலம். பெரிய தலையோடு வரும் குழந்தை வழியில் திரும்பித் திரும்பித்தான் இறங்க வேண்டும். குரங்குக் குட்டி பெரும்பாலும் தாயின் முகத்தைப் பார்த்தபடி வரும். தாயே கையை நீட்டி வாங்கி, மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். மனிதக் குழந்தை பெரும்பாலும் தாயின் முதுகுப்பக்கம் பார்த்தபடி வருகிறது. தாயே பிடித்து இழுத்தால் அதன் முதுகெலும்பு பின்னால் வளையும். கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் அவளால் பார்த்து எடுக்க முடியாது. எதிரே இன்னொரு ஜோடிக் கை இருந்த கூட்டங்களில் பிள்ளைகள் அதிகம் பிழைத்தன. வலி நேரத்தில் பெண்ணுக்கு வரும் பயமும், ‘யாராவது வாங்களேன்’ என்ற தவிப்பும் ஆளைத் தேடவைக்கும் பரிணாம ஏற்பாடு என்பது ட்ரெவதனின் வாதம். இடுப்பெலும்பைப் பற்றிய இந்தக் கதையில் சில பகுதிகளை மற்றவர்கள் மறுக்கிறார்கள். குழந்தை வெளியே வரும் நேரத்தை முடிவு செய்வது எலும்பின் அளவைவிட, தாயின் உடம்பு அதற்கு ஊட்டக்கூடிய சக்தியின் எல்லைதான் என்பது ஹாலி டன்ஸ்வொர்த் 2012-ல் வைத்த வாதம். பொனொபோ குரங்குகளிலும் பிரசவிக்கும் பெண்ணைச் சுற்றி மற்றப் பெண் குரங்குகள் காவல் இருந்ததைப் பிறகு பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் துணை என்பது மனித இனத்தைவிடப் பழையதாகவும் இருக்கலாம். தவிப்பு பலவீனமல்ல என்ற ட்ரெவதனின் பார்வையை மட்டும் நான் விடுவதாக இல்லை.

துணையால் முடியாதவை உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். நஞ்சுக்கொடி வழியை அடைத்துக் கிடந்தால், குழந்தை குறுக்கே கிடந்தால், பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டினால், பாசமுள்ள கை எதுவும் காப்பாற்றாது. 1890-களில் திண்டிவனத்தில், மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடரிடம் ஒரே இரவில் மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்ற வரச் சொன்னார்கள். அவள் மருத்துவர் அல்ல. மருத்துவரான அப்பாவை அனுப்புகிறேன் என்றாள். அந்நிய ஆண் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா பிறகு மருத்துவம் படித்து 1900-ல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. திருச்சிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஏழைக் கர்ப்பிணிகளுக்கான மாநில அரசின் உதவித்தொகைத் திட்டம் 1987 முதல் அவர் பெயரில் நடக்கிறது.

இவர்களும், பெயர் தெரியாத கிராம சுகாதாரச் செவிலியர்களும் உழைத்த உழைப்பில் தமிழ்நாட்டில் பிரசவம் வீட்டைவிட்டு மருத்துவமனைக்கு வந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 100-க்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20-ல் ஒரு லட்சம் பிறப்புக்குத் தாய் மரணம் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. ரத்னாவதியின் ஆற்றுக்கு இப்போது பாலமும் 108 ஆம்புலன்ஸும் இருக்கின்றன. இந்தச் சாதனையை விட்டுவிட்டு ‘வீட்டிலேயே இயற்கையாக’ என்று பேசுகிறவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

ஆனால் மருத்துவமனைக்கு மாறும்போது நாம் ஒன்றை வாசலில் விட்டுவிட்டோம். மகள் உள்ளே, அம்மா வெளியே வராந்தாவில். பச்சை உடையில் யாராவது எட்டிப் பார்த்தால் எழுந்து ஓடுவாள். கதவு மூடியதும் மறுபடி உட்காருவாள். அக்கரை இப்போது பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டது. அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். இந்த எண்ணுக்குப் பணம், நேரம், வழக்குப் பயம், நல்ல நாள் பார்த்துப் பிள்ளையை எடுக்கச் சொல்லும் குடும்பங்கள் என்று பல காரணங்கள். துணை ஒன்றே இதைச் சரிசெய்துவிடும் என்று சொல்ல மாட்டேன். இருந்தும், செலவே இல்லாத, கெடுதல் எதுவும் காணப்படாத ஒரு வழி கையில் இருக்கும்போது அதைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கதவைத் திறக்கும் முயற்சியும் இங்கேதான் முன்னதாக நடந்தது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை ஒருவரை உடனிருக்க அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004-ல் கொண்டுவந்தது. மத்திய அரசு 2016-ல்தான் நாடு முழுவதற்கும் அப்படிச் சொன்னது. துணையாக வருபவர் பெண்ணாக, முடிந்தவரை தானும் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது என்பவை நிபந்தனைகள். விதி இருந்தால் மட்டும் போதாது. கட்டிலுக்குக் கட்டில் திரை வேண்டும். அடுத்த பெண்ணின் மானம் காக்கப்பட்டால்தான் ஒருத்தியின் அம்மாவை உள்ளே விட முடியும். துணைக்கு உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும். எப்போது நடக்க வைக்கலாம், எங்கே அழுத்த வேண்டும், எதைக் கண்டால் செவிலியரைக் கூப்பிட வேண்டும் என்று கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும்போதே அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். சமுதாய வளைகாப்பு நடத்தும் அங்கன்வாடிகள் அதற்குப் பொருத்தமான இடம். வளையல் போட வரும் அம்மாவும் மாமியாரும் அத்தையும்தான் பின்னால் துணைக்கு வரப்போகிறவர்கள்.

அம்மா இல்லாதவளுக்கு? திருச்சியைச் சுற்றிக் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்திருக்கும் குடும்பங்களில் எத்தனையோ பெண்களுக்குத் தாய் வீடு பிகாரிலோ ஒடிசாவிலோ இருக்கிறது. காதல் திருமணம் செய்துகொண்டதால் தாய் வீட்டுக் கதவு மூடப்பட்டவள் இருக்கிறாள். அம்மா செத்துப்போனவள் இருக்கிறாள். இவர்களுக்கு மொழி தெரிந்த, பிள்ளை பெற்ற, சம்பளம் வாங்கும் துணையை மருத்துவமனையே வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான ஆதாரம் 1980-லேயே வந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பிரசவ அறைகளுக்குப் புதிய பதிவுத் தாள் ஒன்றைக் கொடுத்தது. 1950-களில் இம்மானுவேல் ஃப்ரீட்மன் வரைந்த வளைகோட்டையும், பிறகு ரொடீசியாவில் ஃபில்பாட்டும் காசிலும் 1972-ல் அமைத்த பார்ட்டோகிராமையும் பின்பற்றி, மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது கருப்பை வாய் விரிய வேண்டும் என்று எல்லாப் பெண்களையும் ஒரே கோட்டில் அளந்துவந்த பழக்கத்தை இந்தத் தாள் தளர்த்துகிறது. ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகுதான் வேகம் பிடிக்கும், அதற்குள் அவசரப்படாதே என்கிறது. தாளில் குழந்தையின் இதயத்துடிப்பு, தாயின் ரத்த அழுத்தம், கருப்பைச் சுருக்கம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அவற்றுக்கு மேலே நான்கு வரிகள்: துணை இருக்கிறாரா, வலிக்கு நிவாரணம் கிடைத்ததா, குடிக்கக் கொடுத்தீர்களா, எந்த நிலையில் இருக்கிறாள். குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110-க்குக் கீழே இறங்கினால் செவிலியர் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். ஆபத்து அறிகுறி, உடனே கவனி என்று அர்த்தம். துணை வரியில் ‘இல்லை’ என்று எழுத நேர்ந்தாலும் அதே வட்டம்தான் போட வேண்டும். போட்டுவிட்டு, பெண்ணிடம் கேட்டு, அவள் விரும்பும் ஆளைக் கூட்டிவர ஏற்பாடு செய்ய வேண்டும்.